பிளக் நனைஞ்சிருக்கோ, காய்ஞ்சிருக்கோ?

2009க்குப் பிறகு வன்னிக்குத் திரும்பி வந்த குடும்பங்களுக்கு ‘வாழ்வாதார உதவி’ என்ற பெயரில் பல பொருட்கள் கிடைத்தன. கோழிக்கூடு, ஆடு, தையல் மெசின், சைக்கிள், வோட்டர் பம். கொடுத்தவர்களின் பட்டியலில் கடைசியாகச் சொன்னதன் பெயர் ‘நீர் இறைக்கும் இயந்திரம்’. பெட்டி உடைக்க முதலே படம் எடுத்து முடிந்துவிடும். வாங்குகிறவர் ஒரு பக்கம் பிடிக்க, கொடுக்கிறவர் மற்றப் பக்கம் பிடித்திருப்பார். பிறகு அந்த மெசின் ஒரு தோட்டத்துக்குப் போய், வெயிலும் மழையும் செம்மண் புழுதியும் குடித்து, ஒரு நாள் காலமை ஸ்ரார்ட் வராமல் நிற்கும். அந்தக் காலமையைப் பற்றி எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்காது.

இந்தக் கட்டுரை அப்படி நின்ற ஒரு மெசினைப் பற்றியது. தொழில்நுட்பக் கட்டுரை எண்டு நினைச்சு ஓடிவிடாதேங்கோ. நாங்கள் கலைப்பீடம்.

நாங்கள் எண்டால் இரண்டு பேர், அக்காவும் தங்கச்சியும். மூத்தவள் யாழ். பல்கலைக்கழகத்தில், திருநெல்வேலியில் படிக்கிறாள். இளையவள் கலைப்பிரிவில் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள். வீடு கிளிநொச்சி மாவட்டத்தில், தர்மபுரத்துக்கு உள்ளே. அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் எங்கள் மாவட்டத்திலேயே, அறிவியல் நகரில் இருக்கின்றன. அதனால் எங்கள் ஊரில் ‘கம்பஸ் பிள்ளை’ எண்டால் மெசின் தெரிந்த பிள்ளை, இல்லாவிட்டால் பயிர் தெரிந்த பிள்ளை. “கம்பஸில படிக்கிறாய், ஒரு வோட்டர் பம் பாக்கத் தெரியாதோ?” எண்டு கேட்கிறவர்களுக்கு, நாங்கள் படிப்பது வரலாறும் தமிழும் எண்டு விளங்கப்படுத்துவதற்குள் பஸ் வந்துவிடும்.

போன வருசம் ஆவணி லீவு. மழை கார்த்திகைக்குத்தான் ஒழுங்காக வரும். கிணற்றில் தண்ணீர் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. கால் ஏக்கர் மிளகாய், கரையில் கொஞ்சம் கத்தரி. எங்கள் செம்மண் தண்ணீரை வைத்திருக்காது, விடவிடக் குடித்துவிடும். மூன்று நாளைக்கு ஒருக்கால் இறைக்கவேண்டும். ஐந்தாம் நாள் மத்தியானம் மிளகாய்க் கண்டின் இலை சுருண்டு, பிடித்த பூ கொட்டத் தொடங்கும். அந்த மிளகாய்க்காக அம்மா ஒரு நுண்கடனும் எடுத்திருந்தா. கிழமைக்கொருக்கால் கட்டுக்காசு. இலை சுருளுகிறதா எண்டு கடன்காரர் வந்து பார்க்க மாட்டார்.

அப்பா 2009க்குப் பிறகு இல்லை. எங்கள் வீட்டைப்போல பெண்கள் தலைமை தாங்கும் வீடுகள் வன்னியில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கின்றன. அறிக்கைகளில் அதற்கு ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ எண்டு பெயர். ஊரில் ‘ஆம்பிளை இல்லாத வீடு’. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மெசின் நிற்கிற அண்டைக்குத் தெரியும். மெசின் நிண்டால் ஆரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் காசு கொடுக்க வேண்டும், அது பரவாயில்லை. அவர் வருகிற நேரம் அவருடைய நேரம். “இருட்டினாப் பிறகு ஒருக்கா வந்து பாக்கிறன்” எண்டு ஒருவர் சொன்னால், அதற்கு அம்மா என்ன பதில் சொன்னாலும் அடுத்த நாள் சந்தியில் அது ஒரு கதை. “வேண்டாம்” எண்டால் திமிர், “வாங்கோ” எண்டால் வேறை கதை. ஒரு பிளக்கைக் கழற்றித் துடைப்பதற்கு இவ்வளவு விலை.

அந்தக் கிழமை நடந்ததும் அதுதான். மூன்றாம் நாள் காலமை அம்மா கயிற்றைப் பதினைந்து தரம் இழுத்தா. பிறகு நாங்கள் மாறி மாறி இழுத்தோம். ஒரு இருமல்கூட இல்லை. சந்தியில் இருக்கிற கராஜில் “நாளைக்கு வாறன்” எண்டார்கள். நாளைக்கு வரவில்லை. இன்னொருவர் இருட்டின பிறகு வருகிறேன் எண்டார். அம்மா “இல்லைத் தம்பி, பாப்பம்” எண்டு போனை வைத்தா.

அடுத்த வளவில் ஒரு பெரியப்பா இருக்கிறார். சொந்தமில்லை, முறைக்குக் கூப்பிடுகிறது. தடைக்காலத்தில் வன்னியில் மோட்டார்சைக்கிளும் மெசினும் திருத்தினவர். காயப்பட்ட வலக்கை தோளுக்கு மேலே எழும்பாது, அதனால் இப்போது கயிறு இழுக்க மாட்டார், ஸ்பனர் பிடிக்க மாட்டார். நாங்கள் இழுக்கிற சத்தத்தை வேலிக்கு அங்காலே நின்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்தாம் நாள் காலமை வந்து மாமர வேரில் குந்தினார். மெசினைத் தொடவில்லை. கேள்வி மட்டும் கேட்டார்.

“சுவிச் ஒன்னிலயோ? ஒயில் கிடக்கோ?”

கிடந்தது.

“கயித்தை மெல்லமா இழுத்துப் பாருங்கோ. ஒரு இடத்தில இறுகுதோ?”

இறுகியது. அந்த இறுக்கம்தான் அமுக்கம் எண்டார். பிஸ்ரன் மேலே வந்து காற்றை நெரிக்கிற இடம். அது இல்லாமல் கயிறு வழுக்கிக்கொண்டு வந்தால் வால்விலோ ரிங்கிலோ பிரச்சினை, அது கராஜ் வேலை. இறுகினால் வீட்டு வேலை. கயிறு இழுக்கிற முறையும் அதுதானாம். முதலில் மெல்ல இழுத்து இறுகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு கயிற்றை உள்ளே விட்டு, அந்த இடத்திலிருந்து ஒரே இழுவை. பலம் அவ்வளவாகத் தேவையில்லை. இதை அதுவரை எங்களுக்கு ஆரும் சொன்னதில்லை. பெடியங்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறதில்லைத்தான், ஆனால் அவர்கள் பத்து வயதிலிருந்தே பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

“இப்ப பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ. நனைஞ்சிருக்கோ, காய்ஞ்சிருக்கோ?”

இந்தக் கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு எஞ்சின் ஓடுவதற்கு நாலு விசயம் வேண்டும்: எரிபொருள், நெருப்பு, காற்று, அமுக்கம். பிளக் காய்ந்திருந்தால் எரிபொருள் உள்ளே வரவில்லை. ரேங்கிலிருந்து காபரேற்றர் வரை எங்கேயோ அடைப்பு. பிளக் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, எரியவில்லை. ஒன்றில் நெருப்பு இல்லை, அல்லது வருகிற எண்ணெய் பிழையான எண்ணெய், அல்லது அளவுக்கு மிஞ்சி வந்துவிட்டது. ஒரு கேள்வியிலேயே பாதி மெசின் சந்தேகத்திலிருந்து கழன்றுவிடுகிறது.

நனைந்திருந்தது.

“மணந்து பாருங்கோ. பெற்றோலோ, மண்ணெண்ணெயோ?”

மண்ணெண்ணெய் மணத்தது. அவர் தலையை ஆட்டினார்.

எங்கள் மெசினில் இரண்டு ரேங்க். பெரியது மண்ணெண்ணெய்க்கு, சின்னது பெற்றோலுக்கு. எது போகவேண்டும் எண்டு திருப்பிவிட நடுவில் ஒரு சின்னப் பிடி. ஏன் இந்த இரட்டைச் சீவியம்? பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். சுழியத்துக்கு 40 பாகை கீழே போனாலும் அதன் மேல் எரியக்கூடிய ஆவி நிற்கும். மண்ணெண்ணெய்க்கு அந்த ஆவி வர ஏறக்குறைய 38 பாகையாவது சூடு வேண்டும். ஆறின எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் வெறும் ஈரம்தான், பொறி பட்டாலும் பிடிக்காது. அதனால் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, இரண்டு மூன்று நிமிசம் சூடாக விட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிற்பாட்டும்போது மறுவளம். பெற்றோலுக்குத் திருப்பி, காபரேற்றரின் அடிக் கிண்ணத்தில் கிடக்கிற மண்ணெண்ணெய் எரிந்து முடிந்த பிறகுதான் சுவிச்சை ஓஃப் பண்ண வேண்டும். அப்போதுதான் நாளைக்குக் கயிறு இழுக்கேக்க கிண்ணத்தில் பெற்றோல் இருக்கும். கடைசியாகக் கூலிக்கு இறைத்தவர் அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே நிற்பாட்டிவிட்டுப் போயிருந்தார்.

பிளக்கைத் துணியால் துடைத்து, கரியைச் சுரண்டி, வெயிலில் வைத்தோம். காய்ந்ததும் தொப்பியைக் கொழுவி, பிளக்கின் புரியை எஞ்சினின் வெறும் இரும்பில் முட்டவைத்து, ஒருத்தி கயிறு இழுத்தாள். நீலப் பொறி ‘டிக்’ எண்டு விழுந்தது. நெருப்பு இருக்கிறது. (இதைச் செய்யேக்க பெற்றோல் போத்தலைப் பத்தடி தள்ளி வையுங்கோ.) கிண்ணத்தின் அடித் திருகாணியைக் கழற்றி, கிடந்ததைச் சிரட்டைக்குள் இறக்கினோம். மண்ணெண்ணெய்க்கு அடியில் இரண்டு மூன்று தெளிந்த முத்து உருண்டு ஓடியது. தண்ணீர். “இதை மனசில வைச்சிருங்கோ” எண்டார் பெரியப்பா. வேறொன்றும் சொல்லவில்லை.

பிளக்கைப் பூட்டினோம். பெற்றோலைத் திறந்தோம். இறுகிற இடம் பார்த்து இழுத்தோம். பேசாமல் இருந்தது. எயார் பில்ரரைக் கழற்றச் சொன்னார். மூக்குக்கு மருந்து விடுகிற சின்னப் போத்தல் ஒன்றைக் கழுவிக் கொண்டு வந்திருந்தார். அதில் பெற்றோல் எடுத்து, காபரேற்றரின் வாய்க்குள் நாலு துளி. இழுத்தோம். மெசின் ‘டப டப டப’ எண்டு பிடித்து, இரண்டு செக்கன் ஓடி, நின்றது. இன்னும் நாலு துளி. இன்னும் இரண்டு செக்கன்.

எங்களுக்குச் சலிப்பு வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. “என்ன முகத்தைத் தொங்கப் போடுறியள்? மெசின் வாய் திறந்து சொல்லிப்போட்டுது.”

என்ன சொன்னது? இரண்டு செக்கன் ஓடியது எண்டால் நெருப்பு சரி, அமுக்கம் சரி, காற்று சரி. வெளியிலிருந்து துளி கொடுத்தால் ஓடுகிறது, தன்னுடைய வழியால் எரிபொருள் வருகுதில்லை. சிரட்டையில் கண்ட தண்ணீர் முத்துக்கு இப்போது அர்த்தம் வந்தது. தண்ணீர் எண்ணெயைவிடப் பாரம், கிண்ணத்தின் அடியில் போய் நிற்கும். எண்ணெய் உறிஞ்சுகிற ஜெற்றும் அடியில்தான். கிண்ணத்தை முழுதாகக் கழற்றினோம். திருகாணித் துளையால் இறங்காத ஊத்தை, மண்ணிறச் சேறுபோல, ஒரு விரல் நுனி அளவு. ஜெற்றின் துளை கண்ணுக்குத் தெரியவில்லை. ஊசி விடக்கூடாது, துளை பெருத்துவிடும் எண்டார். பழைய வயர் ஒன்றை உரித்து ஒரு செப்புக் கம்பி இழையை எடுத்து விட்டோம். வாயால் ஊதினோம். சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்க்க, முள் குத்தின அளவு வெளிச்சம் தெரிந்தது.

பம்பின் வயிற்றுக்குத் தண்ணீர் ஊற்றி நிரப்பி, எல்லாம் பூட்டி, மூன்றாம் இழுவையில் மெசின் பிடித்தது. மூன்று நிமிசம் பார்த்து மண்ணெண்ணெய்க்குத் திருப்பினோம். கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு சத்தம் தடித்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்தி மாற்றப் போனா.

இனி எங்கள் பாடத்துக்கு வருகிறோம். ஏ.எல். கலைப்பிரிவில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ எண்டு ஒரு பாடம் இருக்கிறது. படித்தவர்களுக்குத் தெரியும்: அவதானம், கருதுகோள், பரிசோதனை, காள் பொப்பரின் பொய்ப்பித்தல். இளையவள் அதை இரவிரவாகப் பாடமாக்கினவள். ஒரு கருதுகோளை உண்மை எண்டு நிறுவ முடியாது, பொய் எண்டுதான் காட்ட முடியும். பொய்யாகாமல் மிஞ்சுகிறதை வைத்துக்கொண்டு மேலே போகலாம். ஐந்து புள்ளிக் கேள்வி. அதை ஒருவர் உண்மையில் செய்து பார்த்தது மாமரத்தின் கீழேதான். “நெருப்பில்லை” எண்ட சந்தேகத்தை ஒரு பொறி கொன்றது. “அமுக்கமில்லை” எண்ட சந்தேகத்தைக் கயிறு கொன்றது. மிஞ்சினது ஒன்று. பெரியப்பா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பொப்பரைக் கேட்டால் எந்த நாட்டு மெசின் எண்டு கேட்பார்.

ஆனால் அவருடைய அறிவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது எங்கள் பாடப்பரப்பு. 1990 ஆனியில் போர் திரும்பத் தொடங்கிய பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா எண்டு பட்டியல் நீளும். வன்னியில் அது 2002 வரை தொடர்ந்தது. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து வந்தது. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு அதில் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். பெற்றோலுக்கெண்டு செய்த மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்ரார்ட் பண்ணுவதற்கு மட்டும் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோல். அதை அவர்கள் ‘சூப்பி’ எண்டார்கள். காபரேற்றருக்கு நாலு துளி பீச்சி, உதைத்து, பிடித்தவுடன் மண்ணெண்ணெயில் விட்டு ஓடுவது. பெரியப்பாவின் மூக்கு மருந்துப் போத்தல் அந்தச் சூப்பியின் பேரப்பிள்ளை.

இந்தக் கதைகளை இப்போது முகநூலில் பெருமையாகப் போடுகிறார்கள். “எங்கட சனம் மண்ணெண்ணெயிலேயே மோட்டார்சைக்கிள் ஓட்டின சனம்” எண்டு. நாங்களும் அந்தப் பெருமையோடுதான் கேட்டோம். அவர் சொன்னது: “அது எஞ்சினைக் கொல்லுற வேலை பிள்ளையள். தெரிஞ்சுதான் செய்தம்.” மண்ணெண்ணெய் எரியாமல் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலைக் கரைக்கும். எஞ்சின் தட்டும். புகையில் கண் எரியும். பெற்றோல் எஞ்சினின் அமுக்கம் மண்ணெண்ணெய்க்குக் கூட. எங்கள் வோட்டர் பம்மைப் போல மண்ணெண்ணெய்க்கெண்டு செய்த எஞ்சின்களில் அமுக்கத்தைக் குறைத்துத்தான் செய்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழியில்லாத சனம், ஒரு நல்ல எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்துக்கொண்டு போனது. அந்த அறிவை மெச்சலாம். அதைக் கற்றுக்கொள்ள வைத்த பட்டியலை மறந்துபோட்டு மெச்சினால், அவருக்கு அது பிடிக்காது.

பட்டியல் இல்லாமலும் அந்தக் காலம் ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. 2022. பெற்றோலுக்கு வரிசை, கானில் அடிக்க விடமாட்டார்கள், பிறகு வாகன இலக்கத்துக்குத்தான் கியூஆர். வோட்டர் பம்முக்கு ஏது இலக்கத் தகடு? மோட்டார்சைக்கிள் உள்ள அயலட்டையில் அரைப் போத்தல் பெற்றோல் உறிஞ்சி வாங்கினோம், ஸ்ரார்ட்டுக்கு மட்டும். அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆனது. கொழும்பில் அது மீனவருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் விழுந்த அடி எண்டு எழுதினார்கள், அது உண்மை. வன்னியில் அது பாத்திக்குப் பாத்தி விழுந்தது. அந்த வருசம் பலர் சிறுபோக மிளகாயைப் பாதியில் விட்டார்கள்.

இப்போது கனடாவுக்குப் போவோம். ரொறன்ரோவில் பெரியம்மாவின் மகன், எங்களுக்கு அண்ணா, ரேடியோவில் பறக்கிற மாதிரி விமானம் ஒன்று வாங்கியிருந்தார். பழைய ஆளிடமிருந்து, எஞ்சினோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் வந்து, “நூறு தரம் சுத்திட்டன், ஸ்ரார்ட் வருகுதில்லை, கை போச்சு” எண்டு காட்டினார். உள்ளங்கையில் அடங்குகிற எஞ்சின். இளையவள் பழக்கதோசத்தில் கேட்டாள்: “அண்ணா, பிளக் நனைஞ்சிருக்கோ, காய்ஞ்சிருக்கோ?”

பிறகுதான் தெரிந்தது, அது வேறு வகைப் பிளக். அதற்குக் ‘குளோ பிளக்’ எண்டு பெயர். பொறி விழாது. உள்ளே பிளாற்றினம் கலந்த ஒரு மெல்லிய கம்பிச்சுருள் இருக்கிறது. ஒன்றரை வோல்ற் பற்றரியைக் கொடுத்தால் அது தணல்போலச் சிவக்கும். எரிபொருள் மெதனோல், அதோடு மசகுக்கு ஆமணக்கெண்ணெய் போன்ற ஒரு எண்ணெய், சிலதில் நைத்திரோமெதேனும் இருக்கும். மெதனோல் ஆவி பிளாற்றினத்தில் படும்போது தாக்கம் நடந்து சூடு பிறக்கும். எஞ்சின் பிடித்த பிறகு பற்றரியைக் கழற்றிவிடலாம், ஒவ்வொரு எரிதலின் சூடும் அடுத்ததற்குக் கம்பியைச் சிவப்பாக வைத்திருக்கும். அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் 1940களின் கடைசியில் இந்தப் பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான், பொறிச்சுருளும் பாரமான பற்றரியும் இல்லாமல் சின்ன விமானங்கள் எழும்பின.

வகை வேறாக இருந்தாலும் கேள்விகள் அதேதான். அமுக்கம்? விசிறியைத் திருப்பேக்க இறுகுது எண்டார். நெருப்பு? பிளக்கைக் கழற்றிப் பற்றரியில் வைத்துக் காட்டினார், நல்ல செம்மஞ்சளாகச் சிவந்தது. நனைந்திருந்ததா? சொட்டச் சொட்ட. அப்படியென்றால் எரிபொருள் வருகிறது, எரியவில்லை. எஞ்சினைக் கவிழ்த்து வடிய விட்டார். காய்ந்த பிளக்கோடு திரும்பச் சுற்றியும் வரவில்லை. “அந்த எண்ணெய் எப்ப வாங்கினது அண்ணா?” கானோடு வந்ததாம், எத்தனை வருசமோ தெரியாதாம், மூடியும் வெடிப்பு. மெதனோல் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். எங்கள் கிண்ணத்தில் தண்ணீர் அடியில் போய் நின்றது. மெதனோலில் அது கலந்தே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அடுத்த கிழமை புது எண்ணெய் வாங்கி, கடைக்காரர் சொன்னபடி காபரேற்றர் வாயில் சின்னப் போத்தலால் இரண்டு மூன்று துளி விட்டுச் சுற்றினாராம். பிடித்துக்கொண்டது.

அந்தச் சின்னப் போத்தலைப் பார்த்ததும் எங்களுக்கு ஒரு மாதிரி இருந்தது. அதே சூப்பி. கடையில் அதற்கெண்டே செய்து விற்கிறார்கள். அண்ணாவுக்கு ஸ்ரார்ட் வராவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். எங்களுக்கு மிளகாய் போகும். தடைக்காலத்தில் ஒருவருக்கு அது வராவிட்டால் பின்னால் இருந்த நோயாளி போயிருக்கலாம். துளி ஒன்றுதான்.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் அந்த வாழ்வாதாரப் பட்டியல். ஒரு மெசினைக் கொடுக்கிறவர்கள் அதை ஓட்டத் தெரிந்த ஒரு ஆம்பிளை வீட்டில் இருப்பார் எண்டு நினைத்துக் கொடுக்கிறார்கள். வன்னியில், அதுவும் ஆம்பிளை இல்லை எண்டதற்காகவே உதவி கிடைத்த வீடுகளுக்கு, அப்படி நினைத்துக் கொடுத்தது விசித்திரம். எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் சில மெசின்கள் கொட்டிலின் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. கேட்டால் “பழுது” எண்பார்கள். இளையவள் இதுவரை மூன்றைப் பார்த்துவிட்டாள். ஒன்றுக்குப் பிளக் மாற்ற வேண்டியிருந்தது. ஒன்றில் எலி எயார் பில்ரருக்குள் கூடு கட்டியிருந்தது. ஒன்று உண்மையிலேயே பழுது, இழுத்தால் இறுகவில்லை. மூன்றில் இரண்டு, கொடுத்த அண்டைக்கு ஒரு பிளக் ஸ்பனரும் ஒரு மணித்தியாலமும் சேர்த்துக் கொடுத்திருந்தால் ஓடிக்கொண்டிருந்திருக்கும். தையல் மெசின் கொடுத்தால் தையல் வகுப்பு வைக்கிறார்கள். வோட்டர் பம் கொடுத்தால் ஒரு கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். மெசின் திருத்துவது பெண்களின் வேலையில்லை எண்டு ஆரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கிக்கொள்ளும்படி எல்லாம் ஒழுங்காக நடந்தது.

நீங்கள் லீவில் வீட்டுக்குப் போனால், உங்கள் வீட்டு மெசினோடு ஒரு காலமை இருங்கோ. வரிசை இதுதான். சுவிச், ஒயில். கயிறு இறுகுதோ. பிளக் நனைஞ்சிருக்கோ, காய்ஞ்சிருக்கோ. நனைஞ்சிருந்தால் என்ன மணம். பொறி விழுகுதோ. கிண்ணத்தில் தண்ணீர் நிற்குதோ. நாலு துளியில் பிடிக்குதோ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கோ, இரண்டை ஒருமிக்க மாற்றினால் எது சரிவந்தது எண்டு தெரியாமல் போகும். எஞ்சின் சூடாக இருந்தால் பெற்றோல் துளியை மறந்துவிடுங்கோ, ஆற விடுங்கோ. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: கோடையில் தண்ணீர் கீழே போனதெண்டு ஓடுகிற மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி, பின்னால் நீங்களும் இறங்காதேங்கோ. இந்தப் பம்புகள் ஏழெட்டு மீற்றருக்குக் கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சாது எண்டது உண்மை. ஆனால் அதன் புகையில் இருக்கிற காபனோரொட்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கும். இலங்கையில் அப்படி இறங்கிச் செத்தவர்கள் இருக்கிறார்கள், தூக்கப் போனவர்களும் சேர்ந்து.

மூத்தவள் திரும்பவும் திருநெல்வேலிக்கு வந்துவிட்டாள். போன மாதம் ஒரு பின்னேரம் இளையவள் போன் எடுத்தாள். விசுவமடுப் பக்கம் ஒரு அன்ரி வீட்டு மெசின் நின்றுவிட்டதாம், வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறா. சைக்கிளில் போக அரை மணித்தியாலம். போக முதல் அவளுக்கு வழக்கமான கேள்வியைக் கேட்கவே வரவில்லை. அன்ரி முந்திக்கொண்டு சொன்னாவாம்: “பிள்ளை, நான் பிளக்கைக் கழட்டிப் பாத்திட்டன். காய்ஞ்சு கிடக்கு. அப்ப எண்ணெய் வாற வழியைத்தானே பாக்கோணும்?”

அவள் போகவில்லை. போனிலேயே முடிந்துவிட்டது.